போலீஸ் வந்த பிறகு மிச்சமிருந்த ரீல்

பிள்ளைகளே, டி.வி.யில் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நீங்கள் சேனலை மாற்றினால் நான் கத்துகிறேன். "அதான் முடிஞ்சுபோச்சே, அப்பாவுக்கு இன்னா ஆச்சு?" என்று அம்மாவிடம் கேட்கிறீர்கள். அவள் சிரிக்கிறாளே தவிர சொல்வதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். எங்கள் ஷெட்டில் பாதி மெஷின்கள் ரஷ்யாவிலிருந்து வந்தவை. அந்த உறவில் எப்போதாவது குடியிருப்பு மனமகிழ் மன்றத்தில் ரஷ்யப் படம் போடுவார்கள். டிக்கெட் கிடையாது. பாட்டு இருக்காது, சண்டை இருக்காது என்று தெரிந்தும் ஜனம் வரும். ஃபேன் ஓடுமே, அதற்காக.

அந்த முறை எனக்கு நேரம் சரியில்லை. என் பொறுப்பில் இருந்த பெட்டியிலிருந்து மெஷின் தண்டில் மாட்டுகிற பித்தளை வளையங்கள், புஷ்கள் என்போம், காணாமல் போயிருந்தன. சாவி என்னிடம் இருந்ததால் விசாரணையும் என் மேல்தான். வேலை போய்விடுமோ என்று உங்கள் அம்மா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. மனசு கொஞ்சம் மாறட்டும் என்று அவளை சைக்கிள் கேரியரிலும், பெரியவனை முன்கம்பியிலும் உட்காரவைத்து, அயனம்பாக்கத்திலிருந்து மிதித்துக்கொண்டு போனேன்.

படம் ஆரம்பித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. பனி கொட்டுகிற ஊர். ஒரு தொழிற்சாலைக் கிடங்கு. சாமான் திருடு போகிறது. சாவி வைத்திருப்பவன் நடுவயதுக்காரன், ஒரே மகளோடு இருக்கிறான். திருடுவது அவனுடைய மேலதிகாரி என்று நமக்குக் காட்டிவிடுகிறார்கள். பாவம், அவனுக்குத் தெரியாது. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். நான் படித்தது எட்டாவது. இரண்டு வார்த்தை கூட்டிப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

"இன்னாங்க சொல்றான்?" என்றாள் உங்கள் அம்மா.

"இரு, இரு."

"உங்கள மாதிரியே சாவி வெச்சுகினு மாட்டிக்கினானா இவனும்?"

இவன் எப்படி வெளியே வருகிறான் என்று பார்த்துவிடவேண்டும். எனக்கு அது ஒன்றுதான்.

அவன் மகளோடு சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது போலீஸ் வந்தது. ஸ்பூனைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தான். மகள் ஓடிப்போய் அவனுடைய கோட்டை எடுத்துவந்தாள். அந்த இடத்தில் ரீல் தீர்ந்தது. மன்றத்தில் இருப்பது ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள், போட்டார்கள்.

அவ்வளவுதான், மொத்த ஜனமும் எழுந்துவிட்டது! நம் படங்களில் எல்லாம் முடிந்த பிறகுதானே போலீஸ் வரும்? ஜீப் சத்தம் கேட்டாலே பெண்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காலால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதே பழக்கம் இங்கேயும்.

"உக்காருங்க, படம் முடியல!" என்று கத்தினேன்.

எங்கள் ஷெட் வெல்டர் திரும்பிப் பார்த்தான். "போலீஸ் வந்துட்டான், இன்னும் இன்னா மாமே? புடிச்சாச்சு, ஓவர்."

"அவன் திருடலடா."

"திருடாதவன எதுக்குப் புடிக்கிறான்? ஓகோ... நீ உன் கேஸ பாத்துகினு கீறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உங்கள் அம்மா பெரியவனைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

நான் ஆபரேட்டரிடம் ஓடினேன். அவர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, இன்னும் ஒரு ரீல் கீதே."

"கீது. யாருக்கு ஓட்டறது, நாற்காலிக்கா?"

"எனக்கு ஓட்டுங்க."

"உனக்கு ஒருத்தனுக்கா? போ நைனா. காலைல படப்பொட்டி திரும்பிப் போயாவணும்."

"முடிவாவது சொல்லுங்க. அவன விட்டுட்றாங்களா?"

"நான் எங்க படம் பாத்தேன்? ஃபிலிம் அறுந்துடப் போவுதேன்னு அதத்தான் பாத்துகினு கீறேன்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இத்தனை பேர் இருந்தும் முடிவு என்ன என்று கேட்க ஓர் ஆள் இல்லை. என் புஷ்கள் பிறகு வேறொரு ஷெட்டில் கிடைத்தன. "சரி, போய் வேலையைப் பார்" என்றார்கள். யார் எடுத்தது என்று கேட்டேன். "உனக்கெதுக்கு அது?" என்றார்கள். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு அதுவும் தெரியாதே. திங்கட்கிழமை மறுபடி போய் அதிகாரி முன்னால் நிற்கவேண்டும்.

மன்றம் காலி. ஓட்டாத ரீல் மேஜை மேல் தகர டப்பாவில் இருந்தது. மூடியைத் திறந்தேன். நுனியைப் பிடித்து ஒரு முழம் இழுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். முதலில் வெறும் கறுப்பு. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நகம் அளவுப் படங்களில் அவனுடைய மகள் கதவருகே நின்றாள். கையில் கோட்டு இல்லை. அடுத்த கட்டத்திலும் அதே, அதற்கடுத்ததிலும் அதே. முடிவு சுருளின் உள்ளே, நடுவில் இருந்தது. மொத்தத்தையும் அவிழ்த்தால்தான் அது கிடைக்கும்.

பிடித்த இடத்தில் என் கட்டைவிரல் ரேகை எண்ணெய்ப் பிசுக்கோடு பதிந்திருந்தது. சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்தேன். ஃபிலிமைப் பழையபடி சுற்றி வைத்து, மூடியைச் சத்தம் வராமல் அழுத்தி மூடினேன்.