ஒரு பாட்டில் பாக்கி

பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் சாலை வந்தால், குஷன்காரரின் மொபெட் தானாகவே பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடும். பள்ளிச் சீருடையில் பின்னால் உட்கார்ந்து போன காலத்திலிருந்து மகள் இதைப் பார்த்துவருகிறாள். கேட்டால் ஒரே பதில்தான்: “அங்க ரோடு தோண்டியிருக்காங்கம்மா.” ஒரே சாலையை எத்தனை வருடம்தான் தோண்டுவார்கள்? அங்கே யாரோடோ பழைய தகராறு என்று நினைத்தாள். கல்லூரிக்குப் போன பிறகு, அந்தப் பக்கம் இன்னொரு குடும்பமே இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டாள்.

சந்தேகம் அவருக்கும் கைவந்த கலை. ஆட்டோ, வேன் சீட்டுகளைப் பிரித்துத் தைக்கிறவர். பளபளக்கும் ரெக்சினைக் கிழித்தால் உள்ளிருந்து சாக்கும் கந்தலும் கொட்டும். “நானே அடைச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?” என்பார். வெளியே நன்றாக இருக்கிற எதையும் அவர் நம்புவதில்லை.

கல்லூரியில் ரத்ததான முகாம் என்று அவள் கடையில் வந்து சொன்னதும் கத்தரிக்கோல் நின்றது.

“ஓசியில வாங்கி காசுக்கு வித்துடுவானுங்க. பேரு குடுக்காத.”

“குடுத்துட்டேன்பா.”

“உடம்புல என்ன இருக்குன்னு குடுக்கப் போற? காத்தடிச்சா பறந்துடுவ.”

“நேத்துதான் குண்டாயிட்டேன்னு சொன்னீங்க.”

“அது வேற, இது வேற!” என்று கத்தினார்.

வகுப்பில் ஒருத்தி சான்றிதழுக்காகவே பெயர் கொடுத்திருந்தாள். இன்னொருத்தி முடி கொட்டிவிடும் என்று நழுவினாள். ‘நான் எதற்குக் கொடுக்கிறேன்? நல்ல மனசா, இல்லை அப்பாவை எதிர்த்துப் பார்க்கிற ஆசையா?’ அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் அப்பாவின் கோபத்தில் ஏதோ இடித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டாள். அம்மா சிரித்துவிட்டாள்.

“நீ பொறந்தப்ப அந்த ஆஸ்பத்திரியிலதான் எனக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. பதிலுக்கு நீங்க ஒண்ணு குடுங்கன்னு உங்கப்பாகிட்ட கேட்டாங்க. டீ குடிச்சிட்டு வர்றேன்னு போனாரு. இன்னும் அந்த டீய குடிச்சு முடிக்கல.”

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாத யாரோ கொடுத்ததில் அம்மா பிழைத்திருக்கிறாள். அப்பா அந்த வாசலைக்கூடப் பார்க்காமல் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்.

முகாமன்று அவள் படுக்கையில் கையை நீட்டிக்கொண்டிருந்தபோது, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு அப்பா வந்து நின்றார். நிரம்பும் பையையே முறைத்துப் பார்த்தார்.

“இது எங்க போவுது?” என்று ரத்தம் எடுப்பவரைக் கேட்டார்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குங்க.”

அப்பா சட்டைக் கையைச் சுருட்டினார். “எனக்கும் எடுங்க.”

மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா?” என்று ரத்தம் எடுப்பவர் கேட்டார்.

“போன வருஷம் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க.”

“அப்ப உங்ககிட்ட எடுக்க முடியாதுங்க. இனிமே எப்பவுமே.”

“இவ குடுத்தத என் பேருல வச்சுக்குங்களேன்.”

“அப்படியெல்லாம் மாத்திக்க முடியாதுங்க. அவங்க குடுத்தது அவங்க குடுத்ததுதான்.”

சட்டைக் கையை இறக்கிவிட்டார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. ஆனால் அது ரெக்சின் மாதிரி கொஞ்சம் அதிகமாகவே இழுத்துத் தைத்த வருத்தமாக அவளுக்குப் பட்டது. பிரித்துப் பார்க்கத் தோன்றியது.

வீட்டுக்குப் போகும்போது, கையில் ஒட்டிய பஞ்சை அழுத்தியபடி பின்னாலிருந்து கேட்டாள்.

“ஸ்டென்ட் வச்சா எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களாப்பா?”

ஆஸ்பத்திரி முனை வந்தது. மொபெட் சந்துக்குள் திரும்பியது.

“அங்க ரோடு தோண்டியிருக்காங்கம்மா.”

அவள் எட்டிப் பார்த்தாள். சாலை ஒரு கீறல்கூட இல்லாமல் வழவழவென்று கிடந்தது.