முன்பாரம்

எங்கள் தச்சநல்லூர்ப் பட்டறை மோட்டாருக்குப் பாடி கட்டத் தொடங்கியதற்குக் காரணம் நான்தான். மாட்டுவண்டி செய்துகொண்டு நிம்மதியாக இருந்த அண்ணனை நச்சரித்தே இதில் இறக்கிவிட்டேன். பஸ் விட ஆசைப்பட்ட டவுன் ஜவுளிக்கடை முதலாளி, எஞ்சினும் சட்டமும் சக்கரமுமாகக் கப்பலில் வந்த மொட்டை மோட்டாரை எங்களிடம் விட்டிருந்தார். பாடி பிடித்துப்போனால் பின்னால் வரும் இரண்டு மோட்டார்களும் எங்களுக்கு. இல்லையென்றால் மதுரைக்குப் போய்விடும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் தேக்கை இழைத்து இழைத்துக் கட்டினார். அவருக்கு ஒரே கவலை, பாரம். மாட்டுவண்டியில் ஆட்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். அதனால் மேடு ஏறும்போது எல்லோரையும் முன்னால் நகரச் சொல்வது வழக்கம். "இதுக்கு நாலு சக்கரம்லா அண்ணே, தூக்காது" என்று எத்தனையோ முறை சொன்னேன். "ஒனக்கு என்னலே தெரியும்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

வெள்ளோட்டம் பாபநாசத்துக்கு. முதலாளி, அவர் மனைவி, மைத்துனர், சம்பந்தி வீட்டார் என்று வண்டி நிறைந்துவிட்டது. முதலாளியம்மா டிரைவருக்கு நேர் பின்னால். எங்களுக்குக் கடைசி இடம். பத்தமடை தாண்டி ஒரு வாய்க்கால் பாலம். அந்த மேட்டில் எஞ்சின் முக்கி முனகியது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"பின்பாரம் வே! எல்லாரும் முன்ன வாங்க!"

பிறந்ததிலிருந்து மாட்டுவண்டியில் போனவர்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. மொத்தக் கூட்டமும் எழுந்து முன்னால் நகர்ந்தது. முதலாளியம்மா டிரைவரின் முதுகில் விழுந்தார். டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்தான். வண்டி ரோட்டை விட்டுப் பைய இறங்கி நடவு வயலில் போய் நின்றது.

யாருக்கும் கீறல்கூட இல்லை. நான்தான் செத்துப் பிழைத்தேன். முதலாளி முழங்கால் சேற்றில் நின்று பாடியைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார்.

"ஒரு பலகை அசையலயே வே! மத்த ரெண்டும் நீருதான் கட்டணும். டிரைவருக்குப் பின்னால ஒரு தடுப்பு வையும். ஆனா ஒண்ணு, ஓடுத வண்டியில நீரு ஏறப்பிடாது."

"சரி அண்ணாச்சி" என்றார் அண்ணன்.

உழவு மாடுகளைப் பூட்டி வண்டியை ரோட்டுக்கு இழுத்தார்கள். எல்லோரும் ஏறினோம். அண்ணன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தச்சநல்லூரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். "இன்னிக்கு ஒருநாள் ஏறிக்கிடலாம் அண்ணே" என்று கெஞ்சினேன்.

"வேண்டாம். ஏறுனா என் வாய் சும்மா இருக்காதுலே."

வேலை கிடைத்த சந்தோஷம் எனக்கு அங்கேயே பாதி போய்விட்டது. நானும் இறங்கி அவர் கூடவே நடந்தேன்.