சாய்ந்து நின்ற பொதுக்கூடை

வெர்னா பின்னிய கூடையில் தண்ணீர்கூட நிற்கும் என்று எங்கள் கடலோரப் பாஸமக்வாடிப் பழங்குடிக் குடியிருப்பில் சொல்வார்கள். நிற்காது, நான் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவ்வளவு நெருக்கமான பின்னல். வாயும் லேசுப்பட்டதில்லை, ஒன்றுக்கு நாலாகப் பேசும். போன இலையுதிர் காலத்தில் அவள் புருஷன் பேசில், சிங்கி இறால் பிடிக்கும் கூண்டின் கயிறு காலில் சுற்றி, கடலுக்குள் இழுபட்டுச் செத்துப்போனான். அன்றோடு அவள் வாய் மூடிக்கொண்டது.

படகில் கூட இருந்தவன் பேசிலின் தம்பி கிளேட்டன் மட்டுமே. கடைசி நேரத்தில் பேசில் எப்படி இருந்தான், என்ன சொன்னான் என்பது அவனுக்குத்தான் தெரியும். வெர்னாவுக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான். ஆனால் கேட்க அவளுக்குப் பயம். அவனோ அண்ணி வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

குளிர்காலத்தில் நாங்கள் சமூகக் கூடத்தில் கூடிப் பின்னுவோம். இந்த வருஷம் ஊர் விருந்துக்காக எல்லாரும் சேர்ந்து ஒரே பெரிய கூடை. வெர்னாவை நான்தான் இழுத்து வந்தேன். இழுத்து என்றால் நிஜமாகவே இழுத்து, கோட்டைப் பிடித்து. கிளேட்டன் ஆஷ் மரத் தடியைக் கோடரியின் பின்பக்கத்தால் அடித்து, கூடை பின்னும் பட்டைகளாக உரித்து, கட்டுகளைக் கூடத்து வாசலில் போட்டுவிட்டு ஓடிவிடுவான்.

மனசு கொதிக்கும்போது நாங்கள் கூடையைத் தொடமாட்டோம். தொட்டால் கை இறுகும், கூடை கோணும். வெர்னாவுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தேதான் தொட்டாள். மறுநாள் காலை நானும் அவளும் போய்ப் பார்த்தால், அவள் பின்னிய இடத்தில் இறுகி, கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

“என்னடி, உன் கூடை குடிச்சிட்டு வந்திருக்கா?” என்றேன்.

“அவிழ்க்கணும்னா அவிழ்த்துட்டுப் போ. வாயைக் கிளறாதே, லொரெய்ன்.”

மேஜை அகலக் கூடை அது. ஒருத்தி கை சுற்றி எட்டாது. எதிரெதிரே இருவர் உட்கார்ந்து, பட்டை காயாமல் நனைத்து நனைத்து, கைக்குக் கை மாற்றித்தான் அவிழ்க்க வேண்டும். அந்நேரம் பார்த்து வாசலில் கட்டு விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் கிளேட்டனின் சட்டையைப் பிடித்தேன்.

“எனக்கு முட்டி மடங்கலைடா. நீ வந்து அந்தப் பக்கம் உட்காரு.”

என் முட்டி நன்றாகத்தான் இருந்தது.

உட்கார்ந்தார்கள். ஒரு சுற்று அவிழ்த்தார்கள்.

வெர்னா பட்டையைப் பார்த்தபடியே கேட்டாள். “அன்னிக்கு அவன் சாப்பிட்டானாடா? முந்தின ராத்திரி எங்களுக்குள்ள சண்டை. காலையில நான் ஒண்ணும் கட்டிக் குடுக்கல. தூங்குற மாதிரி படுத்துக் கிடந்தேன்.”

கிளேட்டன் நிமிர்ந்து பார்த்தான். “சாப்பிட்டானாவா? அண்ணி, சர்ச்சுக்குன்னு நீங்க ஒளிச்சு வச்ச ப்ளூபெர்ரி கேக்கை முழுசா தூக்கிட்டு வந்துட்டான்!”

அந்தக் கேக்கா! அதற்காகத்தான் அன்று விடிந்ததும் விடியாததுமாக வெர்னா என் வீட்டு வாசலில் நின்று, என்னைத் திருடி என்று கத்தினாள். மத்தியானம் வந்த செய்தியில் எனக்கு அது மறந்தே போயிருந்தது.

“இதை நான் எப்படி அண்ணி உங்ககிட்ட வந்து சொல்றது?” கிளேட்டன் பட்டையைக் கீழே வைத்தான். “கடைசியா என்ன சொன்னான்னு கேட்டா, நல்லதா ஒரு வார்த்தை சொல்லணும்ல? அவன் வாய் நிறைய கேக்கோட, ‘இந்நேரம் அவ அலமாரியைத் திறந்து கத்திக்கிட்டிருப்பா பாரு’ன்னு சிரிச்சுக்கிட்டே கூண்டைக் கடல்ல தள்ளினான். அவ்வளவுதான். அப்புறம் கயிறு…”

வெர்னா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். “கத்தினேன்டா! அவன் சொன்ன மாதிரியே கத்தினேன்! இவளைக் கேளு!”

“தெருவே கேட்டுச்சு,” என்றேன். எனக்கும் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. பல மாதம் கழித்து அவளுடைய அந்தப் பழைய குரலைக் கேட்டதில் அப்படி ஒரு நிம்மதி.

வெர்னா பட்டையைத் தண்ணீரில் முக்கி, கூடைக்கு மேலாக அவன் பக்கம் நீட்டினாள்.

“பிடி,” என்றாள். “பசியோட போகலை அவன்.”