மாப்பிள்ளைக்குப் போட்ட ஒரு பங்கு

என் லாரியிலிருந்து என்னை இறக்கியது போலீஸ் இல்லை, கடன்காரனும் இல்லை. என் தங்கை புருஷன். அதுவும் சட்டப்படி.

எழுபதுகளின் கடைசியில் நானும் மாப்பிள்ளையும் தேயிலைத் தோட்ட வேலையை விட்டோம். ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய லாரி வாங்கினோம். மலைமேல் திரிங்காப்பில் கோஸும் தக்காளியும் ஏற்றிக் கீழே ஈப்போ சந்தையில் இறக்குவது தொழில். நான் ஓட்டுவேன். அவர் விவசாயிகளிடம் பேசிச் சரக்குப் பிடிப்பார். நன்றாகத்தான் போனது.

அந்த நேரத்தில் எங்களைப் போலவே லாரி வைத்திருந்த ஒருவர், இன்சூரன்ஸ் கட்டாமல் ஓட்டி, தாப்பா ரோட்டு வளைவில் ஒரு காரை இடித்துவிட்டார். கோர்ட்டில் தோற்றார். ரிங்லெட்டில் அவர் கட்டிய வீட்டையே ஏலம் விட்டார்கள். அவர் வீட்டு அலமாரியும் மெத்தையும் ரோட்டில் கிடந்ததை நான் பார்த்தேன். எனக்கும் அங்கேதான் அப்போது ஒரு பலகை வீடு. பயந்துவிட்டேன். தொழிலைக் கம்பெனியாகப் பதிந்துவிட்டால் வீட்டைத் தொட முடியாது என்றார்கள். மாப்பிள்ளையும் நானும் ஈப்போவுக்குப் போனோம்.

அங்கே கம்பெனி பதிந்து கொடுக்கிற சீனர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர். தமிழ் பேசுவார். முதலாளி என்கிற அர்த்தத்தில் 'தவுக்கே' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். "நூறு பங்கு. ஆளுக்கு அம்பது. ஓகேயா?" என்றார்.

நான்தான் வாயைத் திறந்தேன். "நூறு வேணாம் தவுக்கே. மொட்டையா நிக்குது. நூத்தியொண்ணு போடுங்க."

கல்யாண மொய்யோ கோயில் காசோ, எங்களுக்கு ஒன்று சேர்த்து வைத்துத்தான் பழக்கம்.

"அந்த ஒண்ணு யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு. எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டுனவரு. அவரை விட நான் கூட எடுத்தா நல்லாவா இருக்கும்?"

சீனர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சிக்கோ லா."

"ஒரு பங்கு ஒத்த வெள்ளிதானே!" என்று சிரித்தேன். ரிங்கிட்டைத்தான் நாங்கள் வெள்ளி என்போம். மாப்பிள்ளையும் சிரித்தார். "மச்சானுக்கு மனசு பெருசு" என்றார். இரண்டு பேருமே டைரக்டர் என்று பதிந்து, லாரியையும் கம்பெனி பேருக்கு மாற்றினோம்.

கம்பெனியால் நல்லதே நடக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நான் ஓட்டாத ஒரு மழை நாளில், கூலிக்கு வைத்த டிரைவர் லாரியை ரிங்லெட்டுக்குக் கீழே கவிழ்த்துவிட்டான். ஒரு லோடு தக்காளியும் நாசம். சரக்குக்காரர் வழக்குப் போட்டார். கம்பெனி மேல்தான் போட முடிந்தது. கம்பெனி தவணையாகக் கட்டி முடித்தது. என் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. பேங்க்காரனும் கம்பெனி என்றதும் உட்காரச் சொன்னான். அதற்கு முன்னால் நிற்க வைத்தே பேசுவான். தொல்லையும் இருந்தது. வருஷா வருஷம் கணக்குத் தணிக்கை, நிரப்ப வேண்டிய பாரம், கையெழுத்து. டயர் வாங்கினால்கூட ரசீது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு மாப்பிள்ளை, "என் தம்பி லாரி ஓட்டட்டும், நீங்க ரெஸ்ட் எடுங்க மச்சான்" என்று ஆரம்பித்தார். முடியாது என்றேன். கியா பார்ம் கடைத்தெருவில், நாலு பேர் கேட்கச் சத்தமாகவே சொன்னேன். அதுதான் அவருக்குச் சுட்டிருக்க வேண்டும்.

சில வாரம் கழித்துத் தபாலில் ஒரு தாள் வந்தது. இங்கிலீஷ். வழக்கமான வருஷக் கூட்டத்துக் கடிதம் என்று நினைத்து, தேதியை மட்டும் பார்த்துவிட்டு மீதியைப் படிக்காமலே அலமாரியில் செருகினேன். என் முட்டாள்தனம். சொன்ன தேதிக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். கம்பெனி செக்ரட்டரியாக ஈப்போ சீனரும் வந்திருந்தார். தங்கை வடையும் காப்பியும் வைத்தாள்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "மச்சானை டைரக்டர் பொறுப்புலேர்ந்து எடுக்கணும்" என்று சொல்லிக் கையைத் தூக்கினார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். வாயில் வடையோடு சிரித்தேன். "எதிர்க்கிறவங்க?" என்று சீனர் கேட்டார். நானும் விளையாட்டாகவே கையைத் தூக்கினேன்.

"பங்குக்கு ஒரு ஓட்டு. அம்பத்தொண்ணு. அம்பது," என்று அவர் எழுதினார். அடுத்த தாளில் மாப்பிள்ளையின் தம்பி டைரக்டர்.

"சாவியைக் குடுத்துடுங்க மச்சான். கம்பெனி லாரி."

"என் லாரிடா அது!" என்று கத்தினேன். அத்தனை வருஷத்தில் அவரை நான் 'டா' போட்டது அன்றுதான். தங்கை அடுப்படிக் கதவில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் சீனரின் கையைப் பிடித்தேன். "பாதி காசு நான் போட்டேன் தவுக்கே!"

"கம்பெனிக்குப் போட்டே. நீ வேற, கம்பெனி வேற. அதனாலதானே உன் வீடு தப்பிச்சுது?" கையை விடுவித்துக்கொண்டு காரில் ஏறினார்.

என் வீட்டைக் காப்பாற்றிய அதே சட்டம்தான் என் லாரியையும் பிடுங்கியது. பங்கை வேறு ஆளுக்கு விற்கலாம் என்று பார்த்தேன். டைரக்டர்கள் சம்மதிக்காமல் முடியாதாம். யார் டைரக்டர்? அவரும் அவர் தம்பியும். "எனக்கே குடுத்துடுங்க மச்சான், பங்குக்கு ஒரு வெள்ளி, தாள்ல அப்படித்தானே போட்டிருக்கு" என்றார். ஐம்பது வெள்ளி! அரை லாரிக்கு! நான் கையெழுத்துப் போடவில்லை.

மறுபடி ஊரான் லாரியில் கூலிக்கு ஓட்டினேன். ஆனால் வருஷக் கூட்டத்துக்குக் கடிதம் வந்தால் ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை. அவர் கொண்டுவருகிற எல்லாவற்றுக்கும் எதிராகக் கை தூக்குவேன். ஒவ்வொரு தடவையும் ஒரு ஓட்டில் தோற்பேன். தங்கை வைக்கும் காப்பியைத் தொட மாட்டேன்.

"கையை இறக்குங்க மச்சான், வலிக்கப் போவுது" என்பார் மாப்பிள்ளை.

"தவுக்கே என் அம்பதை எழுதி முடிக்கட்டும்" என்பேன்.