முதல் நாற்காலி

பெரிய வியாழனன்று மாலைப் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைச் சாமியார் கழுவுவார். அதில் ஒரு கூத்து உண்டு. கழுவப்போகிற காலை யாரும் அழுக்காகக் கொண்டுபோவதில்லை. வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர்கூடப் பூசிக்கொண்டு போவார்கள். சாமியார் முட்டிபோட்டு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, துடைத்து, முத்தமிடுவார். அவ்வளவுதான்.

பன்னிரண்டில் முதல் நாற்காலி பத்தொன்பது வருஷமாகத் தபால்காரருடையது. அதனாலேயே எல்லாருக்கும் அவர், சீடர்களில் முதல்வரான பேதுரு. தெருத்தெருவாக நடந்து தேய்ந்த காலை ஒருவர் குனிந்து முத்தமிடுகிறாரே என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம். மேலதிகாரியிடம் வருஷம் முழுக்க வாங்கிய ஏச்செல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கரைந்துவிடும்.

கழுவுவது வலது பாதத்தை. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் சர்க்கரை வியாதி கொண்டுபோனதும் அதைத்தான்.

தவக்காலத்தில் சாமியார் வீட்டுக்கு வந்தார். ஜெபம் சொன்னார், தேநீர் குடித்தார்.

"வியாழக்கிழமை நீங்க சிரமப்பட வேண்டாம். வெள்ளிக்கிழமை நானே வீட்டுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவரேன்."

"சிரமம் என்ன சாமி, இடது கால் இருக்கே."

சாமியார் சிரித்து வைத்தார். "பார்ப்போம்."

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தபால்காரருக்கும் தெரியும். மனசுதான் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை இடது காலை வாளியில் ஊறவைத்து, தோல் சிவக்கத் தேய்த்தார். குனிந்து நகம் வெட்ட வரவில்லை. மனைவி வெட்டிவிட்டாள்.

"என்னடி, வாயே திறக்க மாட்டேங்கிறே?"

"ஒண்ணுமில்லீங்க. காலை ஆட்டாதீங்க."

மாலையில் ஊன்றுகோல்களைத் தட்டித்தட்டி மனைவியோடு கோயிலுக்குள் நுழைந்தார். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. முதல் நாற்காலியில் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. வலது கால் பளபளவென்றிருந்தது. அவரைக் கண்டதும் பதறி எழப்பார்த்தான். உட்காரு என்று கையைக் காட்டிவிட்டு, அவர் கடைசி பெஞ்சில் சாய்ந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமையே தெரியும்," என்றாள் மனைவி. "சொல்ல வாய் வரலீங்க."

அவளைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. தெரிந்துகொண்டே உட்கார்ந்து ஐந்து நகத்தையும் வெட்டியவளை என்னவென்று திட்டுவது? பாட்டு எழுந்தது. சாமியார் குனிந்தார், கழுவினார், முத்தமிட்டார், அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். ஒரு குறையும் இல்லாமல் நடந்து முடிந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்தபோது யாரோ மைத்துனன் தோளில் தட்டி, "என்ன பேதுரு!" என்று சிரித்தார்கள். இவர் திரும்பாமல் நடந்தார்.

வீட்டு வாசலில், எப்போதும்போல மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"காலைக் கழுவிட்டு உள்ள வாங்க."

"வேண்டாம். காலையிலேயே கழுவியாச்சு," என்றார்.