எந்தக் கை

கொய்யாப்பழத்தை நறுக்க மாஸ்டர் கத்தியை இடது கையில் எடுத்தார். மறுநாள் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை. கட்டிலோரம் நின்றிருந்த நான் அந்தக் கையையே பார்த்தேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். என் அப்பா அங்கே தோல் சுமந்தவர். எனக்கு வேலை வேலூரில் ஒரு மருத்துவமனையில், கணினி முன்னால். ஸ்கேன் படங்களை ஏற்றி, மண்டையோட்டிலிருந்து கட்டி வரைக்கும் ரத்தக்குழாயும் பேச்சும் கைகால் அசைவும் கெடாத வழி எது என்று மென்பொருளைத் தேடவைப்பேன். அறுவை செய்கிற டாக்டர் அம்மா அதைப் பார்த்து முடிவு செய்வார். பேச்சுக்கான இடம் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் இருக்கும். இடதுகைக்காரர் சிலருக்கு வலப்பக்கம். அதனால்தான் படிவத்தில் ஒரு கேள்வி, எந்தக் கைப் பழக்கம் என்று. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். தெருவுக்கே படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகிய வேகத்தில் மாஸ்டரிடமும் கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி, "சோத்துக்கைதான்பா" என்றார். எழுதிவிட்டேன். கட்டி வலப்பக்கம். பேச்சு இடப்பக்கம் என்று நம்பிய மென்பொருள், வலது நெற்றி வழியாகக் குறுகலான ஒரு பச்சைக் கோடு போட்டுக் கொடுத்தது.

"மாஸ்டர், கத்தி எப்பவும் இந்தக் கையிலயா?"

"கத்தி மட்டும் இதுல. சோறு, கையெழுத்து எல்லாம் அதுல. ஸ்கூல்ல அடிச்சி மாத்திட்டாங்க. ஏன்டா, மண்டையத்தானே அறுக்கப்போறீங்க?" என்று சிரித்தார்.

அவர் மனைவியின் முகம் சுண்டியது. "பெரிய டாக்டருங்க பாக்குற படிவத்துல பீச்சாங்கைன்னா சொல்லுவாங்க? அசிங்கமா இருக்காது?"

ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் அம்மா திட்டவில்லை, அறுவையைத் தள்ளிவைத்தார். மாஸ்டரை மறுபடி ஸ்கேனில் படுக்கவைத்து, காட்டிய பொருள்களின் பெயரை மனதுக்குள் சொல்லச் சொன்னார்கள். பேச்சின் இடம் வலப்பக்கம் தெரிந்தது. நான் வாங்கிக் கொடுத்த கோடு அதன் நடுவே போயிருந்தது.

வேறு வழி ஒன்றுதான் கிடைத்தது. அது இடது கையை அசைக்கும் இடத்தை உரசிப் போனது. கை பலமிழக்கலாம் என்று டாக்டர் அம்மா ஒளிக்காமல் சொன்னார். மாஸ்டர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பேச்சு இருக்கட்டும்மா. இவளுக்குப் பதில் சொல்லாம எப்டி காலம் தள்றது?" என்றார். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

கட்டி போய்விட்டது. மாஸ்டர் முன்னைவிட ஜாஸ்தியாகவே பேசுகிறார். இடது விரல்கள்தான் கத்தியைப் பிடிக்கிற அளவுக்கு மடங்குவதில்லை. கம்பெனியில் அவரைத் தோலைத் தரம் பிரிக்கிற மேசைக்கு மாற்றிவிட்டார்கள். "நல்லவேளை நீ பாத்தே" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். அதைக் கேட்க எனக்குக் கூசுகிறது. இப்போதெல்லாம் நான் எந்தக் கை என்று கேட்பதில்லை. கத்தி எதில், சுத்தியல் எதில், துடைப்பம் எதில் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். மாஸ்டருக்கு முந்தி வந்தவர்களுக்கு நான் நிரப்பிய படிவங்களையும் ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். ஒருவர் விடாமல் எல்லோரும் வலதுகைக்காரர்கள்.