கோட்டையில் அடிக்காத மணி

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 'கடைசிப் படகு கரைசேரும்வரை கோட்டையில் மணி அடிப்பார்கள்' என்று இணையத்தில் ஒரு கட்டுரை சொன்னது. எனக்கும் எங்கோ கேட்ட ஞாபகம் இருந்ததால் நம்பி ஆய்வேட்டில் சேர்த்துவிட்டேன்.

ஒப்படைப்பதற்கு முந்தின நாள்தான் அந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பைப் பார்த்தேன். அது காட்டிய ஆதாரம், கல்லூரி ஆண்டுமலரில் நானே எழுதியது. அன்று மணிக் கதையை எனக்குச் சொன்னவர், அப்போது வகுப்புத் தோழராக இருந்த என் கணவர்.

"உனக்கு யாரு சொன்னாங்க?" என்றேன்.

"யாரும் சொல்லல. கோட்டையைப் பாத்துட்டு நீ பஸ்ஸுக்குக் கெளம்பிகினு இருந்த. நிக்க வைக்கணுமே, வேற இன்னா பண்றது?"

அந்தப் பத்தியை நீக்கினேன். இப்போதெல்லாம் அடிக்குறிப்பைத் தொடர்ந்துபோய் மூலத்தைப் பார்க்காமல் எதையும் எடுத்தாள்வதில்லை. அவர் சொல்லும் கதைகளுக்கு மட்டும் ஆதாரம் கேட்பதில்லை, நின்று கேட்கிறேன்.